விண்கல் மோதல்கள் வியாழனின் நிலவான யூரோப்பாவின் மேற்பரப்பை அதன் அடியிலுள்ள கடலோடு இணைக்க முடியுமா?

முடியும் என்றே கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அதற்கு விண்கல், கடலை மூடியுள்ள பனி ஓட்டினை முழுவதுமாகத் துளைக்க வேண்டியதுகூட இல்லை என்பதே இதில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி.

வியாழனைச் சூழ்ந்த கதிர்வீச்சு, யூரோப்பாவின் மேற்பரப்புப் பனியைச் சிதைத்து ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உருவாக்குகிறது. சூரிய ஒளி எட்டாத கடலில் உயிர்கள் இருக்குமானால் அவற்றுக்கு இவை ஆற்றல் மூலமாகலாம். ஆனால் இடையில் பல கிலோமீட்டர் தடிமனுள்ள பனி நிற்கிறது.

பெரிய விண்கல் மோதும்போது, பள்ளத்தின் அடியில் பனி உருகி நீர் தேங்குகிறது. நீர் பனியைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால், கீழேயுள்ள பனி ஓரளவு வெப்பமாகி இளகியிருக்கும் நிலையில், அந்த உருகுநீர் முழுவதும் இருந்த இடத்திலேயே உறைந்துவிடாமல், மேற்பரப்பின் வேதிப்பொருள்களையும் சுமந்துகொண்டு, பனியை விலக்கியபடி கீழிறங்குகிறது. மோதலின் ஆழம் ஓட்டின் பாதித் தடிமனைத் தாண்டினாலே உருகுநீரின் கணிசமான பகுதி கடலைச் சேரும் என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

யூரோப்பாவில் ‘டைர்’ எனப்படும் மோதல் தடத்தைப் பாருங்கள்: கிண்ணம் போன்ற பள்ளத்துக்குப் பதிலாக, ஒன்றைச் சுற்றி ஒன்றாக வளைய விரிசல்களே அங்கு உள்ளன. கெட்டியான பனிக்கு அடியில் இளகிய பனியோ நீரோ இருந்தால்தான் இத்தகைய வடிவம் தோன்றும். 2024 அக்டோபரில் ஏவப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடைந்தபின், தன் ரேடார் கருவியால் இந்தப் பனி ஓட்டின் உட்புறத்தை ஆராயும்.