பிறந்த குழந்தையின் குதிகாலில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்? யார் கண்டுபிடித்த முறை இது?

அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருந்த நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கத்ரி. அவருடைய மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது. உறவில் ஒரு பெண் குழந்தைக்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்ற நோய் தாமதமாகத்தான் தெரியவந்தது. அதற்குள் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது.

புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடல் வேறு பொருளாக மாற்ற முடியாத பரம்பரை நோய் இது. அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். பிறந்த சில நாட்களிலேயே உணவை மாற்றினால் குழந்தை இயல்பாக வளரும். இந்த உணவு முறை 1950களிலேயே வந்துவிட்டது. ஆனால் அப்போதிருந்த சிறுநீர்ச் சோதனை நோயைக் காட்டவே சில வாரங்கள் ஆகும். தீர்வு கையில் இருந்தும் நேரம் கைவிட்டுப் போனதுதான் கொடுமை.

கத்ரி செய்தது அழகான வேலை. ஒரு பாக்டீரியாவை, அதன் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருளோடு ஜெல்லில் கலந்தார். ஃபீனைல்அலனின் மிகுந்தால் அந்தத் தடை உடையும். குதிகால் ரத்தத்தை வடிதாளில் சொட்டவிட்டு உலர்த்தி, சிறு வட்டமாக வெட்டி ஜெல்மேல் வைத்தார். நோய் இருந்தால் வட்டத்தைச் சுற்றி பாக்டீரியா வளையமாகப் படரும். வெறுங்கண்ணுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால், சோதனையைவிட அந்த வடிதாள்தான் பெரிய கண்டுபிடிப்பு. உலர்ந்த ரத்தத்தைக் கடித உறையில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். எந்தச் சிற்றூரும் விலக்கல்ல. 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. இன்று பாக்டீரியாவுக்குப் பதில், மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறைநிரல்மானி என்ற கருவி வந்துவிட்டது. ஒரே சொட்டில் பல நோய்களைப் பார்க்கிறார்கள். வடிதாள் மட்டும் அப்படியே இருக்கிறது.