நிக்கல் ஆக்சைடு தானாகத் தேறுமா?

கேள்வி: நிக்கல் ஃபோமில் (ஸ்பாஞ்ச் போலத் துளைகள் நிறைந்த நிக்கல் உலோகம்) நிக்கல் ஆக்சைடு வளர்த்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நீரைப் பிளக்கிறேன். எதையும் மாற்றாமலே ஆக்சிஜன் வெளிவரத் தேவையான மின்னழுத்தம் நாளுக்கு நாள் குறைகிறது. இதே மின்முனை பேட்டரிக்கும் நல்ல கொள்ளளவு காட்டுகிறது. இதை ஆய்வுக் கட்டுரையாக்கித் தர ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரையும் ஆசிரியர் பட்டியலில் இடமும் விற்பவர்கள் பெருத்துவிட்டார்கள். நாளைக்குக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் மாட்டுவது உங்கள் பெயர். கட்டுரைகளை எண்ணிப் பட்டம் கொடுக்கும் வரை இவர்களுக்குத் தொழில் குறையாது.

சரி, மின்முனைக்கு வருவோம். அது தேறுவது பெரும்பாலும் இரும்பின் வேலை. கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் துளி இரும்பு இருக்கும், லேபிளைப் பாருங்கள். ஓட ஓட நிக்கல் அதை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். சுத்தமான நிக்கல் ஆக்சைடு நீரிலிருந்து ஆக்சிஜனை வெளிக்கொண்டுவருவதில் மந்தம். இரும்பு ஏறினால் கில்லாடி. 1987-லேயே அச்சில் வந்த விஷயம், 2014-ல் மறுபடி உறுதியானது. இன்னமும் ‘புதிய வினையூக்கி’ என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன, இரும்பைப் பற்றிக் கேட்க வேண்டிய, இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் நடுவர்கள் கேட்பதில்லை.

சோதிப்பது எளிது. நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவைக் கரைசலில் போட்டுக் குலுக்கி, சில மணி நேரம் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிந்ததை எடுங்கள். இரும்பு வீழ்படிவோடு போய்விடும். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், காரம் அதை அரித்து இரும்பைத் திரும்பக் கொண்டுவரும், பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் போதும். புது மின்முனையை இதில் ஓட்டித் தேறவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது, இரும்புதான் காரணம்.

இரும்பை நீங்களே வேண்டுமென்று சேர்த்திருந்தால் சங்கதி வேறு. அந்த வேகம் பொய்யில்லை. ஆனால் சேர்த்தது எவ்வளவு என்பதோடு, ஓட்டிய பிறகு மிஞ்சியது எவ்வளவு என்றும் அளக்க வேண்டும். ஓடும்போது இரும்பு கரைசலுக்குப் போகும், கரைசலிலிருந்து திரும்பியும் வரும். முதல் நாள் எடை போட்டுக் கலந்த விகிதத்தையே கடைசி வரை எழுதினால் அது கணக்கே இல்லை. சுத்தம் செய்த கரைசலில் ஓட்டினால் இரும்பு இறங்கி வேகமும் விழலாம். அதைப் பார்த்து உங்கள் பொருள் மட்டம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பேட்டரி கொள்ளளவிலும் ஒரு பொறி உண்டு. ஃபோமும் நிக்கல்தானே! பூச்சு ஒரு மில்லிகிராம் என்றால் அடியில் இருக்கும் ஃபோம் பல பத்து மில்லிகிராம். அதன் மேற்பரப்பும் ஆக்சைடாகி சார்ஜ் பிடிக்கும். அதையெல்லாம் பூச்சின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பூச்சில்லாத ஃபோமையும் அதே சூட்டில், அதே நேரம் வைத்து எடுத்து, அதே மாதிரி ஓட்டி, வருவதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்களுடையது.