அறிவியல் கல்வியில் இடஒதுக்கீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இடஒதுக்கீடு 1990இல் மண்டல் குழுவின் பரிந்துரை ஏற்கப்பட்ட பிறகுதான் வந்தது என்று என் பேரன் வாதாடுகிறான். மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு அது உண்மையில் எப்போது வந்தது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: 1990ஆம் ஆண்டின் அறிவிப்பு மத்திய அரசு வேலைகளுக்கானது, கல்லூரிச் சேர்க்கையை அது தொடவே இல்லை. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி 1921இல் பிறப்பித்த வகுப்புவாரி ஆணை அரசுப் பணிகளுக்காக எழுந்தது. அதே முறை பின்னர் கல்லூரிகளுக்கும் விரிந்தது. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்கள் என்று அன்று குறிப்பிடப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது.

அப்போது சென்னை மாநிலம் முழுவதற்கும் இருந்தவை நான்கு மருத்துவக் கல்லூரிகளில் 330 இடங்கள், நான்கு பொறியியல் கல்லூரிகளில் 395 இடங்கள். மாநிலம் இன்றைய ஆந்திரக் கடற்கரை வரை நீண்டிருந்த காலம் அது என்பதை நினைத்தால், அந்த இடங்களுக்கான போட்டி எத்தகையது என்று விளங்கும். மருத்துவ இடத்துக்காகச் செண்பகம் துரைராஜனும் பொறியியல் இடத்துக்காகச் சீனிவாசனும் நீதிமன்றம் சென்றார்கள். உயர்நீதிமன்றம் 1950இல் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரியார் முன்னின்று நடத்திய கிளர்ச்சியின் பின்னணியில், நேரு அரசு அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. கல்வியில் பின்தங்கிய வகுப்பினருக்காக அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று இன்று நாடு முழுவதும் செல்லுபடியாகும் அந்த உரிமை, மருத்துவ, பொறியியல் இடங்களைக் குறித்த ஒரு வழக்கிலிருந்து பிறந்தது என்பதைத் தங்கள் பேரனுக்குச் சொல்லுங்கள்.

மத்திய அரசின் நிறுவனங்கள் மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தன. ஐஐடிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1973இல்தான் ஒதுக்கீடு தொடங்கியது. பிற்படுத்தப்பட்டோருக்கு அங்கே 27 விழுக்காடு கிடைக்க 2008ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: கட்-ஆஃப் குறைந்தவர்களுக்கு இடம் கொடுத்தால் மருத்துவர், பொறியாளரின் தரம் குறையாதா? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கோபப்பட ஒன்றுமில்லை; நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள். கட்-ஆஃப் என்பது கல்லூரிக்குள் யார் நுழையலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. நுழைந்தபின் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே தேர்ச்சி மதிப்பெண்தான். ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கென்று எளிதான உடற்கூறியல் தேர்வு எங்கும் இல்லை.

அடுத்து, நுழைவு மதிப்பெண் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வு எழுதி வந்தவர்களின் பங்கு 2016-17இல் சுமார் 12 விழுக்காடாக இருந்து, 2020-21இல் 71 விழுக்காட்டைத் தாண்டியது. ஓராண்டோ இரண்டாண்டோ வீட்டில் இருந்து, பணம் கட்டிப் பயிற்சி மையத்தில் படிக்க முடிந்தவரின் மதிப்பெண்ணையும், பள்ளிப் பாடத்தை மட்டும் நம்பி முதல் முறை எழுதியவரின் மதிப்பெண்ணையும் ஒரே அளவுகோலில் வைப்பதை நான் நியாயம் என்று ஏற்க மாட்டேன். மாநில அரசுக் கல்லூரிகள் நாடு முழுவதற்கும் பொதுவாக விட்டுக்கொடுக்கும் அகில இந்திய ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வழங்கியதை 2022 ஜனவரியில் உறுதி செய்தபோது, உச்சநீதிமன்ற நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வும் தேர்வு மதிப்பெண்ணையே தகுதி என்று கொள்ள முடியாது, தகுதியைச் சமூகச் சூழலோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்றே கூறியது.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு 1980இலேயே 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மொத்த ஒதுக்கீடாகிய 69 விழுக்காடு 1994இல், சட்டங்களை நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாதபடி காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையின் பாதுகாப்பைப் பெற்றது. இந்த முறையில் படித்து வந்தவர்களே நம் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் மாவட்ட மருத்துவமனைகளையும் நடத்துகிறார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் நாடு முழுவதும் 28; தமிழ்நாட்டில் 13. இதற்கு இடஒதுக்கீடு மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் அது தரத்தைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த எண்ணுக்கு முதலில் விளக்கம் தர வேண்டும்.

குறை எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்து வந்த மாணவரை ஆங்கிலத்தில் நடக்கும் முதலாம் ஆண்டு வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அவர் திணறும்போது அதை அவருடைய ஒதுக்கீட்டின்மேல் ஏற்றிப் பேசுகிற வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. கற்பிப்பவரின் கடமையைத்தான் அங்கே கேள்வி கேட்க வேண்டும்.

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இளங்கலையில் என்னோடு படித்த ஒடுக்கப்பட்ட வகுப்பு நண்பர்களில் பலர் ஆய்வுக்கூடம் வரை வந்து சேரவில்லை. இடஒதுக்கீடு ஏன் இங்கே எட்டவில்லை?
– ஆய்வு மாணவி, சென்னை

பதில்: இந்த வாரம் வந்த கேள்விகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். ஒரு பகுதி விடை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கான ஒதுக்கீட்டை வகுத்த 2006ஆம் ஆண்டுச் சட்டம், உயர்சிறப்பு நிறுவனங்கள் என்று ஒரு பட்டியலைப் போட்டு அவற்றுக்கு விலக்கு அளித்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் ஆகியவை அதில் உண்டு. ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் உறுப்புகள் என்ற வகையில் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் உண்டு. ஆசிரியர் பணியிடங்களுக்கான ஒதுக்கீட்டை 2019இல் சட்டமாக்கியபோதும் இவ்வகை நிறுவனங்களுக்கான விலக்கு தொடர்ந்தது. அது போதாதென்று, ஐஐடிகளுக்கும் ஆசிரியர் நியமனத்தில் விலக்கு வேண்டும் என்று 2020இல் ஒரு குழு பரிந்துரைத்தது.

இன்னொரு பகுதி சட்டத்தில் இல்லை. இளங்கலைச் சேர்க்கையில் தரவரிசை, கலந்தாய்வு, ஒதுக்கீட்டுப் பட்டியல் எல்லாம் வெளிப்படையாக இருக்கின்றன. ஆய்வுப் படிப்பிலோ நேர்காணலும் நெறியாளரின் விருப்பமும் பரிந்துரைக் கடிதமும் பெரும் எடை பெறுகின்றன. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானால், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பொறுப்புள்ள மாணவர் ஆய்வை விட்டு வேலைக்குப் போகாமல் என்ன செய்வார்? அவர் போய்விட்டால் பத்தாண்டுகள் கழித்துப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க அந்த வகுப்பிலிருந்து ஆள் இருக்காது. பிறகு 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று குறிப்பெழுதிப் பணியிடத்தைக் காலியாக வைப்பார்கள். நூறாண்டுகளாக நாம் வாதாடி வந்தது முதலாம் ஆண்டு வகுப்பின் இடங்களுக்காக; இனி வாதாட வேண்டியது ஆய்வகத்தின் இடங்களுக்காக என்பது என் உறுதியான எண்ணம். விலக்குப் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அச்சட்டத்திலேயே மத்திய அரசுக்குத் தரப்பட்டிருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் ஆய்வு மாணவர்களின் வகுப்புவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதையும் உடன் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் நிறத்தை வைத்து இடம் தருவதை நீதிமன்றம் தடுத்துவிட்டதே. இங்கும் அதுபோல நடக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: 2023 ஜூன் மாதம் வந்தது அத்தீர்ப்பு. அதற்குப் பின் முதன்முறையாக மாணவர்களைச் சேர்த்தபோது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கறுப்பின மாணவர்களின் பங்கு முந்தைய ஆண்டுகளின் 13 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக விழுந்தது. இங்கே நிலைமை வேறு. அங்கு அந்த நடைமுறைக்கு நீதிமன்றத் தீர்ப்புகளே ஆதாரமாக இருந்தன. இங்கு 15(4), 15(5) உட்பிரிவுகளாக அரசியலமைப்பிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் நீட், அகில இந்திய ஒதுக்கீடு போன்ற சேர்க்கை விதிகளின் வழியாக ஒதுக்கீட்டின் பயனைக் குறைக்க முடியும் என்பதால் கவனம் தேவை.

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்குமா? அதில் சேர்ந்தால் சலுகையில் வந்தவள் என்று பேசுவார்களோ என்று அஞ்சுகிறாள்.
– தாய், தருமபுரி மாவட்டம்

பதில்: நீதிபதி கலையரசன் குழுவின் ஆய்வுக்குப் பின் 2020இல், மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கும் இச்சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது; 2022இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் தயாரித்து, அதற்குள் 69 விழுக்காட்டு வகுப்புவாரி முறையையும் பின்பற்றுகிறார்கள். 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இது உண்டு. தங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு நேரத்தில் இதற்காக அலைபவர்கள் பலர். யார் என்ன பேசுவார்கள் என்பதற்காக அவள் விண்ணப்பிக்காமல் இருந்துவிட வேண்டாம், அம்மா. அந்த இடம் சட்டப்படி அவளுக்கு உரியது.