தாத்தாவின் மருத்துவப் பதிவுகள்: தரகரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என்னை வளர்த்த தாத்தா அரசு மருத்துவமனையில் காலமானார். காப்புறுதி நிறுவனம் அவருடைய சிகிச்சைப் பதிவுகளைக் கேட்கிறது. நகல் கேட்டுக் கடிதம் கொடுத்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன, பதிலே இல்லை. வாசலில் நிற்கும் ஒருவர், 1,500 ராண்ட் கொடுத்தால் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: கொடுக்காதீர்கள். அவர் உங்களிடம் விற்பது ஒன்று இலவசமாகக் கிடைக்கும் படிவம். இல்லையென்றால் உள்ளே யாருக்கோ போகும் லஞ்சம். லஞ்சத்தில் வரும் நகலோடு அதிகாரியின் கடிதம் இருக்காது. காப்புறுதி நிறுவனம் அதைத் திருப்பிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? உங்கள் அடையாள அட்டையின் நகலும் அந்த ஆளிடம் தங்கிவிடும். டர்பன் அலுவலக வாசல்களில் இவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். துக்க வீட்டிலிருந்து நேராக வருகிறவர்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

கடிதம் கொடுத்தீர்கள், சரி. ஆனால் 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டப்படி, படிவம் 2-இல் விண்ணப்பித்தால்தான் பதிலுக்கான கெடுநாள் ஓடத் தொடங்கும். கடிதத்தை வாங்கிக்கொண்ட ஊழியர் அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். விண்ணப்பதாரருக்கு உதவுவது அவர்களுடைய சட்டக் கடமை. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் கேட்டால்கூட அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலான சட்டம் இன்னும் கவுன்டர் வரை வந்து சேரவில்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், உங்கள் விண்ணப்பம் விழப்போகும் குழி இதுதான். இறந்தவரின் அந்தரங்கத் தகவலைப் பிறருக்குத் தரக்கூடாது என்பது பொது விதி. நெருங்கிய உறவினருக்கு மட்டும் விலக்கு. அந்த நெருங்கிய உறவினர் யார்? கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். பேத்தி இந்தப் பட்டியலில் இல்லை! அவர்களில் ஒருவரும் இல்லாதபோதோ, தேடியும் கிடைக்காதபோதோதான் பேரன் பேத்திகளின் முறை வரும். தாத்தா உங்களை மடியில் வைத்து வளர்த்தார் என்பது சட்டத்தின் கண்ணில் படாது. ஆகவே உங்கள் அம்மா தாத்தாவின் மகள் என்றால், அவரே விண்ணப்பிக்கட்டும். அல்லது "என் மகளுக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். பாட்டி இருந்தால் அவரும் தரலாம். மாமாக்கள் அத்தனை பேரையும் கூட்டிக் கையெழுத்து வாங்க அலைய வேண்டாம். இறப்புச் சான்றிதழையும், அம்மா அவருடைய மகள் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழையும் இணையுங்கள். நகல்களுக்குக் காவல் நிலையத்தில் இலவசமாகவே சான்றொப்பம் இடுவார்கள். அதற்கும் தரகர் வேண்டாம்.

விண்ணப்பக் கட்டணம் 100 ராண்ட், நகலெடுக்கும் செலவு தனி. ரசீது இல்லாமல் ஒரு காசும் தராதீர்கள்.

30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இன்னும் 30 நாட்கள் வேண்டுமென்றால் அதை அந்தக் கெடுவுக்குள்ளேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒன்றுமே வரவில்லையா? மௌனத்தை மறுப்பு என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து 60 நாட்களுக்குள் படிவம் 4-இல் மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் தகவல் ஒழுங்குமுறை அமைப்பிடம் (Information Regulator) படிவம் 5-இல் புகார் கொடுங்கள். அதற்கு 180 நாட்கள் அவகாசம் உண்டு. "நாளை வாருங்கள், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லிச் சொல்லியே இந்தக் கெடுக்களைக் கடக்க வைப்பார்கள். அதை நம்பிக் கெடுநாளைத் தவறவிடாதீர்கள்.

"கோப்பு காணாமல் போய்விட்டது" என்றும் சொல்லக்கூடும். அப்படியானால் எங்கெங்கே தேடினோம் என்பதைச் சத்தியப் பிரமாணமாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. இந்தப் பிரிவின் எண்ணைச் சொன்ன பிறகு, காணாமல் போன கோப்புகள் அலமாரியிலிருந்து எழுந்து வந்ததை நான் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை போகும்போது படிவத்தை இரண்டு பிரதிகளாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதி முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.