சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்: விடுதலை வாக்கெடுப்பு பற்றிய கேள்வி-பதில்

பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாகலாமா என்று ஸ்காட்லாந்து மக்களிடம் நடத்திய வாக்கெடுப்பு பற்றி எழுதியதிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கடிதங்கள் வருகின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

பாலக்கோடு வாசகர்: வாக்கெடுப்பில் ஜெயித்தால் மறுநாளே தனி நாடா?

இல்லை. செர்பியாவோடு சேர்ந்திருந்த மான்டினீக்ரோ 2006 மே 21-ல் வாக்களித்து ஜூன் 3-ல் தனி நாடானது, அது அபூர்வம். சூடானிலிருந்து பிரிந்த தெற்கு சூடானுக்கு ஆறு மாதம் ஆனது. இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோர் 1999 ஆகஸ்டில் வாக்களித்தது. இந்தோனேசிய ஆதரவுக் கும்பல்கள் ஊர் ஊராகக் கொளுத்தின. அப்புறம் ஐ.நா. நிர்வாகம், 2002 மே 20-ல்தான் விடுதலை. பப்புவா நியூகினியின் தீவுப் பகுதியான பூகன்வில் 2019-ல் 98 சதவீத ஆதரவு காட்டியும் அந்நாட்டு அரசோடு பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

ஓசூர் வாசகர்: பணத்துக்கு என்ன செய்வார்கள்?

மான்டினீக்ரோவில் யூரோ, திமோரில் அமெரிக்க டாலர். தெற்கு சூடான் பிறந்த மாதமே சொந்த பவுண்டு வெளியிட்டது.

அரூர் வாசகர்: 99 சதவீதம் பேர் ஒற்றுமையாக வாக்களித்த தெற்கு சூடானில் ஏன் உள்நாட்டுப் போர்?

இந்தச் சதவீதக் கணக்கைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளும் 2011, 99 சதவீதம், ஐ.நா.வின் 193-வது உறுப்பினர் என்று மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாக்குச்சீட்டில் இரண்டே படம்: சேர்ந்திருக்க, பற்றிக்கொண்ட இரு கைகள், பிரிய, உயர்த்திய ஒற்றைக் கை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தெளிவாக வாக்களித்தார்கள். சீட்டில் கேட்கப்படாத கேள்விகள்தான் பின்னால் உயிர்களைக் குடித்தன.

பழைய சூடானின் எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கில். வெளியே கொண்டுபோகும் குழாயும் துறைமுகமும் வடக்கில். பீப்பாய்க்கு எவ்வளவு கட்டணம் என்று முடிவாகாமலே பிரிந்தார்கள். கிணற்றில் யாருக்கு எந்த முறை என்று எழுதாமல் பாகப்பத்திரம் போட்டால் நம் பக்கம் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. 2012 ஜனவரியில் தெற்கு தன் எண்ணெய்க் கிணறுகளைத் தானே மூடியது. அரசின் வருமானம் ஏறத்தாழ முழுவதும் அதிலிருந்துதான்! இரண்டு பக்கமும் உரிமை கோரிய எல்லைப் பகுதியான அபியேவுக்கு நடக்கவேண்டிய தனி வாக்கெடுப்பு, அங்கே யார் வாக்காளர் என்ற தகராறில் நின்றுபோனது.

2013 டிசம்பரில் அதிபர் சல்வா கீருக்கும், அவர் பதவி நீக்கிய துணை அதிபர் ரீக் மச்சாருக்கும் மோதல் வெடித்தது. ஐந்து ஆண்டில் சுமார் 4 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. பிரிவதில் ஒன்றாக நின்றவர்கள், படை யார் கையில் இருப்பது என்பதில் ஒன்றாக நிற்கவில்லை.

காவேரிப்பட்டணம் வாசகர்: ஸ்பெயினில் 90 சதவீதம் கிடைத்தும் ஏன் நாடாகவில்லை?

எந்தப் பகுதி, எந்த ஆண்டு என்று எழுதிக் கேளுங்கள். ஸ்பெயினின் வடகிழக்கு மாநிலமான கட்டலோனியா, 2017 அக்டோபர் 1 என்று வைத்துக்கொள்கிறேன். மறுபடியும் சதவீதம்! வாக்களிக்க வந்ததே 43 சதவீதம்தான். எப்போதும் சொல்வதுதான்: யார் ஒப்புக்கொண்டு நடத்திய வாக்கெடுப்பு என்று முதலில் பாருங்கள். இதை ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்திருந்தது. அந்த மாதக் கடைசியிலேயே மாட்ரிட்டில் உள்ள மத்திய அரசு கட்டலோனியாவில் நேரடி ஆட்சி கொண்டுவந்தது. கட்டலோனிய வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, ஈராக்கின் வடக்கில் குர்து மக்கள் வாழும் குர்திஸ்தான் பகுதியில் பிரிவதற்கு 93 சதவீதம் கிடைத்தது. மூன்றே வாரத்தில் தன் கையில் இருந்த எண்ணெய் நகரமான கிர்குக்கை ஈராக் படையிடம் இழந்தது. மான்டினீக்ரோவிலோ 55 சதவீதம் வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். கிடைத்தது 55.5. செர்பியா ஏற்றுக்கொண்டது.

கிருஷ்ணகிரி வாசகர்: 2004-ல் எங்கள் மாவட்டம் பிரிந்தபோது ஏன் வாக்கெடுப்பு இல்லை?

மாவட்டம் அரசாணையில் பிரிவது. நாடு பிரிவதோடு குழப்பாதீர்கள்.

ஊத்தங்கரை வாசகர்: தோற்றால் மறுபடி கேட்கலாமா?

என்ன ஒப்பந்தம் என்பதைப் பொறுத்தது. பிரான்சின் ஆட்சியில் உள்ள பசிபிக் தீவான நியூ கலிடோனியாவுக்கு மூன்று வாய்ப்பு வரை எழுதித் தந்திருந்தார்கள்: 2018, 2020, 2021. மூன்றிலும் பிரான்சோடு இருப்பதே ஜெயித்தது. கடைசியை விடுதலைக் கட்சிகள் புறக்கணித்தன. ஸ்காட்லாந்து 2014-ல் 55-க்கு 45 என்று தோற்றது. மறுபடி நடத்த லண்டன் சம்மதம் வேண்டும் என்று 2022-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.