அம்மா கையெழுத்து வைத்தாலும் பேர்மிட் காணி கைமாறாது

கேள்வி: கிளிநொச்சி உருத்திரபுரத்தில் அப்பாவின் பெயரில் ஒரு மேட்டுக்காணியும் இரண்டு ஏக்கர் வயலும் இருக்கின்றன. இரண்டும் பேர்மிட் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி). அப்பா 2023இல் காலமாகிவிட்டார். அம்மா காணியிலேயே இருக்கிறார். மூலப் பேர்மிட் 2009 இடம்பெயர்வில் தொலைந்து போனது. நான் மூத்தவள், தம்பி பிரான்சில். ஒரு தரகர், "ஆம்பிளைப் பிள்ளை இருந்தால் காணி அவருக்குத்தான் போகும். அதுக்கு முன்னம் அம்மாவைக் கொண்டு உங்கட பேருக்கு உறுதி முடிப்பம்" என்று ஒன்றரை இலட்சம் கேட்கிறார். இருபதாயிரம் முற்பணம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் முடித்துத் தரப்போவது காணி உறுதிப்பத்திரம் அல்ல, முத்திரை குத்திய வெறும் கடதாசி.

பேர்மிட் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர் இறந்தால், பின்னுரித்தாளராக (அடுத்து உரித்துப் பெறுபவராக) வாழ்க்கைத் துணையின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் உரித்து அவருடைய வாழ்க்கைத் துணைக்குத்தான். ஆகவே இன்று உரிமைக்காரி உங்கள் அம்மா. ஆனால் அது அவர் இருந்து அனுபவிக்கும் உரிமை மட்டும். விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. அடுத்தவர் இன்னார் என்று பெயர் குறிக்கவும் முடியாது. தன்னிடம் இல்லாத அதிகாரத்தை அம்மா எந்த நொத்தாரிசுக்கு முன்னால் போய் எழுதித் தருவது? சட்டத்துக்கு முரணான கைமாற்றத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவே கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. தரகருக்கு இது தெரியாமல் இருக்காது.

"ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான்" என்பது பழைய கதை. அந்த வரிசை உண்மையிலேயே சட்டத்தில் இருந்தது: மகன்மார் முந்தி, மகள்மார் பிந்தி. 2022இல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். அப்பா காலமானது அதற்குப் பிறகு. எவரையும் அவர் பெயர் குறிக்காவிட்டால், அம்மாவுக்குப் பின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வரிசை, அதற்குள் வயதில் மூத்தவர் முந்துவார். நீங்கள்தானே மூத்தவர்! உங்களுக்கே வரக்கூடிய உரித்தைக் காட்டிப் பயமுறுத்தி உங்களிடமே காசு வாங்குகிறார்கள்.

இதில் ஒரு "ஆனால்" உண்டு. அப்பா உயிரோடு இருந்தபோது தம்பியையோ உங்களையோ பின்னுரித்தாளராக நியமித்திருந்தால், அம்மாவுக்குப் பின் அதுதான் செல்லும். அந்த நியமனமும் அவர் இறப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். எழுதி, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி, பதியாமல் அலுமாரிக்குள் வைத்த கடதாசிக்குப் பெறுமதி இல்லை. வன்னியில் பாதிக் குடும்பச் சண்டை இந்த அலுமாரிக் கடதாசியால்தான்.

இப்போது செய்ய வேண்டியது, காணிப் பேரேட்டில் (பேர்மிட் காணிகளின் பதிவேட்டில்) அம்மாவின் பெயரைப் பதிவிப்பது. மூலப் பேர்மிட் தொலைந்ததைப் பொலிசில் முறையிட்டு அதன் பிரதியை எடுங்கள். ஒரு சத்தியக் கடதாசி முடியுங்கள். அப்பாவின் மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அம்மா அந்தக் காணியில்தான் இருக்கிறார் என்ற கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், எல்லாவற்றுடனும் கரைச்சிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். (விவாகப் பதிவு இல்லாவிட்டால் அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.) மேட்டுக்காணிக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என இரண்டு பேர்மிட் இருந்திருக்கலாம். இரண்டையும் கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு வயலை மறந்தவர்கள் நிறையப் பேர்.

துணை உரித்தை ஏற்பதற்கு ஆறு மாதக் கெடு உண்டு. கணவர் இறந்து ஆறு மாதத்துக்குள் காணியை ஆட்சிக்கு எடுக்காவிட்டால் உரித்துப் போய்விடும். அம்மா அங்கேயே இருப்பதால் பயமில்லை. இருந்தாலும் மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பின் பிரதி, வயலுக்குக் கமநல சேவை நிலையத்தில் கட்டிய ஏக்கர் வரிச் சிட்டை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

"கோப்பு இல்லை, யுத்தத்தில் அழிந்துவிட்டது" என்று சொல்வார்கள். சில வேளை உண்மை, பல வேளை தேடுவதற்குப் பஞ்சி. காணி ஆணையாளர் நாயகத்தின் 2013/01 சுற்றறிக்கைப்படி வடக்கு கிழக்கில் காணி விண்ணப்பங்கள் எடுத்தார்களே, அப்போது அப்பா விண்ணப்பம் கொடுத்த சிட்டை வீட்டில் இருந்தால் அதுவே பெரிய ஆதாரம். அப்பப்பா காலத்துப் பேர்மிட் என்றால் யாழ்ப்பாணக் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) விசாரியுங்கள், ஏனென்றால் கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. வாயால் கேட்டு அலுத்துப்போனால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள்: "இன்ன காணியின் பேரேட்டுப் பதிவின் பிரதி தேவை." பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் மேன்முறையீடு. ஒரு பேரேட்டைத் திறந்து பார்க்க ஒரு சட்டம் தேவைப்படுகிறது என்பதே வெட்கக்கேடுதான்.

"பேர்மிட் காணிக்கு உறுதி முடித்தவர்கள் இருக்கிறார்களே" என்று தரகர் யாரையாவது காட்டுவார். அவர் காட்டுவது அளிப்புக் காணியாக இருக்கும். பேர்மிட் நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு ஜனாதிபதியின் கையொப்பத்தோடு கிடைக்கும் அளிப்புப் பத்திரம், சனம் ஜெயபூமி, சுவர்ணபூமி என்று சொல்வது. அதன் உரிமையாளர் உயிரோடு இருக்கும்போது பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதத்தை முதலில் பெற்று, அதன் பின் உறுதி முடித்தால் செல்லும். முதலில் சம்மதம், பிறகு உறுதி. சம்மதக் கடிதத்தின் திகதி உறுதியின் திகதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். "உறுதியை இப்ப முடிப்பம், கடிதத்தைப் பிறகு எடுப்பம்" என்றால் அந்த உறுதி செல்லாது. சம்மதம் கிடைத்தாலும் அளிப்பில் எழுதியிருக்கும் ஆகக் குறைந்த அளவுக்குக் கீழே துண்டாட முடியாது. உங்களிடம் அளிப்பு இல்லை. இருந்திருந்தாலும் உரிமையாளர் இறந்துவிட்டார், அம்மாவால் எழுத முடியாது. ஆகவே அந்த உதாரணம் உங்களுக்குப் பொருந்தாது.

இதே வகையில் வேறு வேடங்களும் வரும். அப்பா முன்னர் கொடுத்த அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) என்று ஒன்றை நீட்டுவார்கள். கொடுத்தவர் இறந்த அன்றே அது செத்துவிட்டது. 99 வருடக் குத்தகை என்பார்கள், அதுவும் கைமாற்றம்தான். "காணிக் கிளையில் நம்மட ஆள் இருக்கு" என்பார்கள். கட்ட வேண்டிய கட்டணம் எதுவானாலும் சிறாப்பரிடம் (அலுவலகக் காசாளரிடம்) கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசு கட்டணம் அல்ல.

முற்பணத்துக்குச் சிட்டை தந்தாரா? தந்திருந்தால் பிரதி எடுத்து வைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தராவிட்டால் பொலிசில் முறையிடுங்கள். பணத்தைவிட முக்கியம், அம்மா வெற்றுக் கடதாசியிலோ முத்திரைக்கு மேலோ கையெழுத்து வைத்தாரா என்பது. வைத்திருந்தால் நாளைக்கே பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள்: எந்தத் திகதியில், எத்தனை தாளில், யாரிடம் என்று. அதன் பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையை வாங்கிக்கொண்டு வாருங்கள்.