வண்டி இரவில் எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பெட்ரோல், டீசல் காரை விட்டு மின்சாரக் காருக்கு மாறுவது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். பதினொரு ஆண்டுகள் டீசல் கார் ஓட்டிய பிறகு மின்சாரத்துக்கு மாறியவன் நான். அதனால் சில இடங்களில் சொந்தப் பாடும் தலைகாட்டும்.

கேள்வி: அலுவலகம் போய் வர நாளொன்றுக்கு 45 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். முழுச் சார்ஜில் ஒரு கார் 300 கிலோமீட்டர் போகும் என்கிறார்கள், மற்றொன்று 450 என்கிறார்கள். விலை கூடினாலும் 450 கிலோமீட்டர் காரை வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: அதற்கு முன்பு நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் வண்டி இரவில் எங்கே நிற்கிறது? மின் இணைப்புக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது என்றால், உங்கள் அன்றாடத் தேவைக்கு இரண்டில் எதுவும் போதும். நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் எடுத்துக்கொள்ளும். உங்கள் 45 கிலோமீட்டருக்கு ஏழு யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் எட்டு. மணிக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாக ஏற்றும் 16 ஆம்பியர் பிளக்கில் இது இரண்டரை மணி நேர வேலை. நீங்கள் தூங்கி எழுவதற்குள் முடிந்து, வண்டி சும்மா நின்றுகொண்டிருக்கும். பெட்ரோல் காரில் தொட்டி வற்றிய பிறகு நிரப்பப் போகிறோம். இதுவோ இரவில் ஊறி விடியும்போது நிறைந்திருக்கும் கிணறு. இறைத்த அளவு ஊறினால் போதும், கிணறு எவ்வளவு ஆழம் என்று தினமும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

நெடும்பயணத்தில்தான் அந்த ஆழம் கணக்குக்கு வருகிறது. விளம்பரத்தில் அச்சிடப்படும் தூரம் ஆய்வுக்கூடத்து உருளைகளின் மேல் ஓட்டி எடுத்த அளவு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரில் இருப்பதைவிட 110இல் அது ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. விரைவுச் சாலையில் அச்சிட்ட தூரத்தில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வழியில் நிறுத்தி விரைவுச் சார்ஜரில் ஏற்றும்போது 10 சதவீதத்திலிருந்து 80 வரை மட்டுமே ஏற்றுவது வழக்கம். 80ஐத் தாண்டியதும் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருப்பது நேரத்தைத் தின்றுவிடும். ஆக, 450 என்று சொல்லப்படும் காரில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே நம்பி ஓட்டக்கூடியது ஏறத்தாழ 235 கிலோமீட்டர், 300 என்பதில் ஏறத்தாழ 155. மாதம் இருமுறை வெளியூர் போகிறவராக இருந்தால் பெரிய பேட்டரியை வாங்குங்கள். ஆண்டுக்கு இருமுறை என்றால் சிறியதே போதும், வழியில் கூடுதலாக ஒருமுறை நிறுத்தித் தேநீர் குடித்துக்கொள்ளலாம்.

வண்டி தெருவோரத்தில், மின் இணைப்பே இல்லாத இடத்தில் நிற்கிறது என்றால் இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். வாரந்தோறும் பொது சார்ஜரைத் தேடிப் போய் வரிசையில் நிற்பவர்கள்தாம், மின்சாரக் கார் வாங்கி ஏமாந்தேன் என்று பெரும்பாலும் எனக்கு எழுதுகிறார்கள்.

கேள்வி: வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளக்கிலேயே செருகிச் சார்ஜ் ஏற்றலாம் என்கிறார் காரை விற்பவர். தனி வயர் இழுக்க வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். யார் சொல்வது சரி?

பதில்: எலக்ட்ரீஷியன் சொல்வதுதான் சரி. நானும் முதல் மாதம் பழைய பிளக்கிலேயே ஏற்றினேன். ஒருநாள் நள்ளிரவில் எழுந்தவன் ஏதோ தோன்றி அந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். விரலை வைக்க முடியவில்லை. மறுநாள் கழற்றியபோது ஒரு முள்ளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக இளகியிருந்தது. வெந்நீர்க் கருவி ஏறத்தாழ இதே அளவு மின்சாரத்தை இழுத்தாலும் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். கார் மணிக்கணக்கில் ஓயாமல் இழுக்கும். எங்காவது ஒரு திருகு சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனியாகச் செப்பு வயர் இழுத்து, அதற்குத் தனி எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிகையானால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் பொருத்துங்கள். பின்னாளில் 32 ஆம்பியர் சுவர் சார்ஜர், அதாவது மணிக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் ஏற்றக்கூடியது, வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே அதற்கேற்ற தடிமனில் வயர் இழுத்துவிடுவது நல்லது. சுவரை இருமுறை உடைக்க வேண்டியிருக்காது. நீட்டிப்புப் பெட்டியில் செருகி ஏற்றும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஏற்ற மறுக்கிறது என்று எழுதியிருக்கும் மற்றொரு வாசகருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சார்ஜர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு எர்த்தை முதலில் சோதியுங்கள். முனையைக் காரில் செருகியவுடன் மின்சாரம் பாய்வதில்லை. முனையில் தடித்த முட்களோடு மெலிந்த முட்கள் இரண்டு இருக்கும். அவற்றின் வழியாகச் சார்ஜரும் காரும் முதலில் பேசிக்கொள்கின்றன. எர்த் சரியாக இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் இழுக்கலாம், முனை முழுவதும் உள்ளே போய்விட்டதா என்பதெல்லாம் தெளிந்த பிறகே உள்ளே ‘டக்’ என்று ரிலே, அதாவது மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச், விழும் ஓசை கேட்கும். அந்த ஓசைக்கு முன்பு முனையில் உயிருள்ள மின்சாரம் இல்லை. மழையில் ஏற்றலாமா என்று கேட்டவர்களுக்கும் இதுவே ஆறுதல்: வெளியில் வைப்பதற்கென்று செய்த சார்ஜராக இருந்தால் தாராளமாக ஏற்றலாம்.

கேள்வி: எட்டு ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்துவிடும், மாற்றுவதற்குக் காரின் விலையில் பாதி ஆகும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பல நிறுவனங்கள் தரும் உத்தரவாதக் காலம். அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பது பொதுவாக அதன் பொருள். உத்தரவாதம் முடிகிற நாளில் பேட்டரியின் ஆயுளும் முடிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. உண்மையில் 300 கிலோமீட்டர் ஓடும் ஒரு பேட்டரி ஆயிரம் முறை முழுதாக நிரம்பி வடிந்தால் வண்டி 3,00,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

லித்தியம் அயனி பேட்டரி விற்பனைக்கு வந்தது 1991இல். அதற்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கார்களில் இன்று பெரும்பாலும் இரண்டு வகைகள் உள்ளன. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த வகை அதே எடையில் அதிக ஆற்றலைத் தாங்கும். ஆனால் நாள்கணக்கில் முழுச் சார்ஜில் வெயிலில் நிற்க வைத்தால் விரைவில் மூப்படையும். அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது அதற்கு நல்லது. இரும்பு பாஸ்பேட் வகை எடை கூடியது, ஆனால் வெப்பத்தைத் தாங்குவது, நீண்ட நாள் உழைப்பது. அதை வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். சார்ஜ் குறையும்போதும் அதன் வோல்ட் அளவு அதிகம் மாறாததால், எவ்வளவு மீதி இருக்கிறது என்ற கணக்கைக் காரின் கணினி மெல்லத் தவறவிடும். நூறைத் தொட்டால்தான் கணக்கு நேராகும். வாங்கும்போது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய காரை வாங்குகிறவர்கள் ஓடிய தூரத்தோடு பேட்டரியின் தற்போதைய கொள்ளளவு எத்தனை சதவீதம் என்ற சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் நண்பர்கள் பயமுறுத்த வேண்டிய பேட்டரி வேறொன்று. எல்லா எஞ்சின் கார்களையும் போல மின்சாரக் கார்களிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கதவுப் பூட்டு, விளக்கு, கணினி எல்லாம் அதன் பொறுப்பு. பெரிய பேட்டரியைச் சுற்றோடு இணைக்கும் சுவிட்சுகளை இயக்குவதும் அதுதான். ஒருநாள் காலையில் என் கார் கதவே திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சாவியை எடுத்துத் திறந்து உட்கார்ந்தால் திரை இருண்டு கிடந்தது. தரைக்கு அடியில் நாற்பது யூனிட் மின்சாரம் இருக்க, உள்ளங்கை அகல ஈயப் பேட்டரி செத்ததால் வண்டியை எழுப்ப முடியவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெட்ரோல் காரிலிருந்து வயர் கொடுத்துத்தான் எழுப்பினோம். அதன் உரிமையாளர் இன்றும் பார்க்கும்போதெல்லாம் அதை நினைவூட்டுவார். மூன்று, நான்கு ஆண்டுகள் ஆனதும் அந்தச் சிறிய பேட்டரியைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: அந்த மின்சாரமே நிலக்கரியை எரித்து எடுப்பதுதானே? புகையை இடம் மாற்றுவதைத் தவிர என்ன லாபம்?

பதில்: நியாயமான கேள்வி, கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 100 கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் என்றால் 14 கிலோ. எண்ணெயைத் தோண்டிச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவு தனி. அதே தூரத்துக்கு மின்சாரக் கார் சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 17 யூனிட். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் யூனிட்டுக்கு ஒரு கிலோ அளவில் 17 கிலோ ஆகிவிடும், லாபம் ஒன்றுமில்லை. பல மூலங்கள் கலந்து யூனிட்டுக்கு அரைக் கிலோ என்றால் எட்டரை கிலோ. பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் இயங்கும் நார்வே போன்ற நாட்டில் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். அங்கே 2024இல் விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள்.

இவ்வளவு வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பது எஞ்சினின் இயல்பு. ஆறு லிட்டர் பெட்ரோலுக்குள் 50 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. அதில் சக்கரம் வரை போய்ச் சேர்வது கால் பங்கு, மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. எனினும் பேட்டரியைச் செய்வதிலேயே கணிசமான புகை வெளியாவதால், மின்சாரக் கார் கடனோடுதான் பிறக்கிறது. ஓட ஓடத்தான் அந்தக் கடன் அடையும். மாதம் 200 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் சுற்றுச்சூழலை நினைத்து நல்ல நிலையில் உள்ள பழைய காரை விற்றுவிட்டுப் புதியது வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை என்கிறார்கள். என் டீசல் கார் ஆறு ஆண்டுப் பழையது. காத்திருக்கலாமா?

பதில்: மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதலில் தாண்டிய கார் மின்சாரக் கார், பெல்ஜியத்தின் கமீல் ஜெனாட்ஸி 1899இல் அதை ஓட்டினார். 1912இல் காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்து, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் வேலை ஒழிந்ததும் பெட்ரோல் முந்திக்கொண்டது. மோட்டாரைப் பொறுத்தவரை முதிர்ச்சிக்குக் குறைவில்லை. மாறிக்கொண்டிருப்பது பேட்டரியும் அதன் விலையும்தான்.

உங்கள் வண்டி நீண்ட தூரம் ஓடுவது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், டீசலுக்கு அதுதான் பொருந்தும். நகருக்குள் ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறீர்கள் என்றால் மாறிவிடலாம். புகைக்குழாயில் உள்ள கரித்துகள் வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அந்தத் தூரம் போதாது, அடைத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: மாறிய பிறகு பராமரிப்பே கிடையாதாமே?

பதில்: எஞ்சின் ஆயில், கிளட்ச், ஸ்பார்க் பிளக் எல்லாம் போய்விடும். டயர் மட்டும் வண்டியின் எடையாலும் மோட்டாரின் திடீர் இழுவையாலும் சீக்கிரம் தேயும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்துப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புவதால் பிரேக் கட்டைகள் அதிகம் தேய்வதில்லை. மாறாக, வேலையில்லாமல் தட்டுகளில் துருவேறும். வாரம் ஒருமுறை காலியான சாலையில் பிரேக்கைச் சற்று அழுத்தமாக மிதித்துவிடுங்கள்.

கேள்வி: ஓசையே இல்லாமல் வருகிறது. நடந்து போகிறவர்களுக்கு ஆபத்தில்லையா?

பதில்: உண்டு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய மின்சாரக் கார்களும் 20 கிலோமீட்டர் வேகம் வரை ஏதேனும் ஓர் ஓசையைச் செயற்கையாக எழுப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆனால் அந்த ஓசை வண்டி நகரத் தொடங்கும்போதுதான் வருகிறது. டீசல் காரை முடுக்கியவுடன் அடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடிவிடும். இதில் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பச்சைக் குறி எரிவதோடு சரி, நாய் தூங்கிக்கொண்டேயிருக்கும். ஏறுவதற்கு முன்பு ஒருமுறை குனிந்து பார்த்து, பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்காருகிறேன்.